தீங்கற்ற படம் உண்டோ?

ஒரு பொருள் செடியிலிருந்து வந்தது என்பதனாலேயே அது தீங்கற்றது ஆகிவிடுமா? ஒரு செயலுக்கு இலையும் காயும் கருவியாக அமைந்தன என்பதனாலேயே அச்செயல் தூயது ஆகிவிடுமா? இக்கேள்விகளுக்கு 'ஆம்' என்பதே விடை என்று யாம் எண்ணியிருந்தோம். எண்ணியது மட்டுமன்று, பலர் கூடிய இடத்தில் நின்று உரைத்தும் விட்டோம். அது பிழை என்பதை ஒரு முதியவர் எமக்கு உணர்த்தினார். அதனை மறைக்காமல் இங்கே எழுதுகின்றோம். பிறருக்கு அறம் சொல்லப் புறப்பட்டவன், தான் திருத்தப்பட்ட செய்தியையும் சொல்லக் கடமைப்பட்டவன் அன்றோ?

ஐதராபாத் நகரின் பேகம்பேட்டில் ஒரு தமிழ்க் குடும்பத்தாரின் இல்லத்தில் சில நாள் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. படைப் பாளையத்தை நாடியும் இரயில்வே வேலையை நாடியும் வந்து, தலைமுறை தலைமுறையாக வேரூன்றிவிட்ட தமிழர் அப்பக்கத்தில் பலர் உளர். அவ்வில்லத்துப் பெயர்த்தி கல்லூரி மாணவி. அப்பெண் ஒரு பால்மாவுத் தகர டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "தாத்தா, இதுதான் என் கேமரா" என்று எம்மிடம் காட்டினாள். யாம் நகைத்தோம். பின்னர் நகைத்ததற்கு வெட்கினோம்.

அந்த டப்பாவின் உட்புறம் முழுவதும் கறுப்பு வண்ணம் பூசப்பட்டிருந்தது. பக்கவாட்டில் வெட்டிய சாளரத்தில் மெல்லிய அலுமினியத் தகடு ஒட்டப்பட்டு, அதில் ஊசிமுனையால் ஒரு துளை இடப்பட்டிருந்தது. கண்ணாடி வில்லை இல்லை, விசையும் இல்லை. துளைக்கு நேர் எதிரே ஒளிபடும் தாள் வளைத்து வைக்கப்பட்டிருந்தது. துளைக்கும் தாளுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் தொலைவு இருக்குமாயின், துளையின் அகலம் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் இருத்தல் நலம். துளை பெரிதானால் படம் மங்கும். மிகச் சிறிதானாலும், துளையின் விளிம்பில் ஒளி சிதறுவதால் மங்கும். உச்சிவெயிலில் முக்கால் நிமிடம் துளையைத் திறந்து வைத்தால் போதும். நிழலிலோ பல நிமிடம் காத்திருக்க வேண்டும்.

இவ்வித்தை புதிதன்று. துளை வழியாக வரும் உருவம் தலைகீழாக விழும் என்பதைக் கிறிஸ்துவுக்கு முன்னரே சீன நாட்டில் மோசி என்பாரின் வழிவந்தோர் எழுதி வைத்தனர். 11ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் என்னும் பேரறிஞர், கிரகணச் சூரியன் சிறுதுளை வழியே பிறை வடிவில் விழுவதை ஆராய்ந்தார். அத்துணைத் தொலைவு போவானேன்? ஹம்பியிலுள்ள விருபாட்சர் கோயிலில், உள்ளே ஓர் இருண்ட அறைச் சுவரின் மீது வெளிக்கோபுரத்தின் உருவம் தலைகீழாக விழுவதை இன்றும் மக்கள் காண்கின்றனர். அங்கே மாயம் யாதும் இல்லை. எதிர்ச்சுவரில் உள்ள சிறு துளையே அதனைச் செய்கின்றது. 1980 பிப்ரவரி 16 அன்று சூரிய கிரகணம் வந்தபோது யாம் சிறுவன். வேப்பமரத்தடியில் நூறு நூறு பிறைகள் தரையில் கிடந்ததைக் கண்டோம். இலைகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளே அத்தனை துளைகள் என்பதை அன்று யாரும் எமக்குச் சொல்லவில்லை.

படம் எடுத்தபின் அப்பெண் செய்த வேலைதான் எம்மைப் பெரிதும் கவர்ந்தது. சிவப்பு விளக்கு எரிந்த குளியலறையில், கடையில் வாங்கும் உடனடிக் காபித் தூளைச் சலவைச் சோடாவோடும் வைட்டமின் 'சி' தூளோடும் நீரில் கரைத்தாள். அக்கரைசலில் வெண்தாளை இட்டு மெல்ல அசைத்தாள். சில நிமிடங்களில் தெரு தோன்றிற்று, மரம் தோன்றிற்று, மதில் தோன்றிற்று. ஒளி கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் தோன்றின. இதன் நுட்பம் யாதெனில், தாளின் மேலுள்ள வெள்ளி உப்பில் ஒளி பட்ட துகள்கள் மட்டும் உருமாறக் காத்திருக்கும். காபியில் உள்ள துவர்ப்புச் சத்து, சோடாவின் காரத்தில் விழிப்புற்று, அத்துகள்களை வெள்ளி உலோகமாக மாற்றிவிடும். பொடியாய்ப் படிந்த வெள்ளி கறுப்பாகத் தெரியும். 1995இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஓர் ஆசிரியரும் மாணவரும் காபியைக் கொண்டு இம்முறையைச் செய்து காட்டினர். அதன்பின் தேயிலை, புதினா முதலியவற்றைக் கொண்டும் உலகெங்கும் பலர் செய்து வருகின்றனர்.

உண்மையில் இதுவும் பழையதன் மீட்சியே. 1841இல் இங்கிலாந்தின் டால்பட் என்பார் காப்புரிமை பெற்ற தாள்பட முறையில், உருவத்தை வெளிக்கொணர்ந்தது காலிக் அமிலம். அஃது எதிலிருந்து கிடைத்தது? மாசிக்காயிலிருந்து! நம் வீட்டுப் பாட்டிமார் குழந்தைக்கு உரைமருந்தில் சேர்க்கும் அதே மாசிக்காய்தான். கடுக்காயிலும் அவ்வினத் துவர்ப்பு உண்டு. கடுக்காய் நீரில் அன்னபேதி சேர்ந்தால் கறுப்புப் பிறக்கும் என்பதை, ஆலையின் சாயப் பகுதியில் வேலை செய்த நாளில் மூத்த தொழிலாளரிடம் யாம் கற்றிருந்தோம். ஆதலின் இப்பெண்ணின் வேலையைக் கண்டு எம் உள்ளம் பூரித்தது.

அன்று மாலை அவ்வில்லத்துக் கூடத்தில் இருபது பேர் வரை கூடினர். அப்படத்தை உயர்த்திக் காட்டி யாம் பேசினோம். "இதில் விலையுயர்ந்த வில்லை இல்லை. நச்சு மருந்து இல்லை. எவ்வுயிருக்கும் ஊறு இல்லை. சூரியனும் காபித் தூளும் பொறுமையுமே கருவி. இதுவன்றோ தூய கலை! நம் வாழ்வும் இவ்வாறு தூய்மையாக வேண்டும்" என்றோம். கூட்டத்தார் மகிழ்ந்தனர். யாமும் மகிழ்ந்தோம்.

எல்லோரும் சென்றபின், அப்பெண்ணின் பாட்டனார் எம் அருகில் வந்து அமர்ந்தார். அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. வெந்நீரில் நெடுநேரம் ஊறிய ஒரு தாளை எம்மிடம் நீட்டினார்.

"தம்பி, இதை விரலால் தடவிப் பாருங்கள்."

தடவினோம். மேற்புறம் உப்பி வழுக்கிற்று. "வழவழப்பாக இருக்கிறது, ஐயா" என்றோம்.

"இது வச்சிரம். தச்சர் மரம் ஒட்டக் காய்ச்சுவார்களே, அதன் இனம். வெள்ளியைத் தாளில் பிடித்து வைத்திருப்பது இதுதான். எதிலே செய்கிறார்கள் என்று என் பெயர்த்தியைக் கேட்டேன். மாட்டெலும்பிலும் தோலிலும் என்றாள்."

யாம் ஒன்றும் பேசவில்லை. அவர் தொடர்ந்தார்.

"வாணியம்பாடிப் பக்கத்தில் பதினான்கு வயதில் தோல் பதனிடும் வேலைக்குப் போனேன். சுண்ணாம்புக் குழியில் தோலை இறக்குவோம், மயிரை நீக்குவோம், ஒட்டியிருக்கும் சதையைச் சீவுவோம். பிறகு ஆவாரம்பட்டைத் தொட்டி. கடைசியில் கடுக்காய். சீவிய கழிவை வச்சிரம் காய்ச்சுகிறவர்கள் வாங்கிப் போவார்கள். நாங்கள் போட்டதும் பட்டையும் காயும்தானே, தம்பி? எங்களை எவராவது தூயவர் என்றார்களா? கிணற்றை நெருங்க விட்டார்களா? என் பெயர்த்தி காபித் தூளைப் போட்டதும் நீங்கள் தூய்மை என்கிறீர்கள். அப்படியானால் அந்தச் சொல் பட்டையைப் பார்த்துச் சொல்லும் சொல் அன்று. ஆளைப் பார்த்துச் சொல்லும் சொல். அதை நீங்களும் சொல்லலாமா?"

அவர் சினந்து பேசவில்லை. அதுவே எமக்குப் பெருந்தண்டனையாக இருந்தது. அன்றிரவு யாம் உறங்கவில்லை.

அன்பர்களே! அவர் சொன்னதைப் பின்னர் ஆராய்ந்தோம், ஒவ்வொன்றும் உண்மையே. 1871இல் மேடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து தகட்டில் பூசும் முறையை வெளியிட்டார். அன்று முதல் ஒளிப்படச் சுருளும் தாளும் அதனையே நம்பி வாழ்கின்றன. எலும்பை நீர்த்த அமிலத்தில் இட்டு அதிலுள்ள சுண்ணத்தை நீக்கி, எஞ்சியதைப் பல வாரம் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, வெந்நீரில் வடித்தெடுப்பதே ஜெலட்டின். நம் நாட்டில் பொறுக்கப்படும் மாட்டெலும்பு நெடுங்காலமாகக் கடல் கடந்தும் சென்றுள்ளது. அதைப் பொறுக்கியவர் எத்தெருவினர், அதைக் காய்ச்சும் நாற்றத்தில் வாழ்ந்தவர் எவர் என்பதை இவ்விதழின் வாசகருக்கு யாம் விளக்க வேண்டுவதில்லை.

இன்னும் ஒரு வியப்பு. ஒரு ஜெலட்டின் கூரிய படம் தருவதும், மற்றொன்று மங்கிய படம் தருவதும் ஏன் என்று நெடுநாள் எவருக்கும் விளங்கவில்லை. 1925இல் கோடாக் ஆய்வுக்கூடத்தின் ஷெப்பர்டு என்பார் காரணம் கண்டார். மாடு தின்ற கடுகினத் தீனியில் இருந்த கந்தகச் சத்து, அதன் தோலிலும் எலும்பிலும் தங்கி, ஜெலட்டினோடு வந்து, வெள்ளி உப்பை ஒளிக்கு விழிப்பாக்கிற்றாம்! செடி மாட்டினுள் புகுந்தது. மாடு படத்தினுள் புகுந்தது. செடி தனி, உயிர் தனி என்று நாம் இட்ட கோடு எங்கே போயிற்று? ஒன்றைச் சார்ந்தே ஒன்று தோன்றும் என்று மேடையில் ஓயாது சொல்லும் எமக்கு, ஒரு தாளின் முன்னே அது மறந்துபோயிற்று.

பேகம்பேட்டு மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. 1901இல் நவாப் ஜாபர் ஜங் தோற்றுவித்த நிஜாமியா வானாய்வு நிலையம் பின்னர் பேகம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. விண்மீன்களின் இருப்பிடங்களைப் பட்டியலிட உலக நாடுகள் மேற்கொண்ட பெருமுயற்சியில் ஒரு பங்கு அங்கே நிறைவேறிற்று. கண்ணாடித் தகடுகளில் வானம் படமாக்கப்பட்டு, இலக்கக்கணக்கான விண்மீன்கள் அளக்கப்பட்டன. அத்தகடுகளின் மேலிருந்ததும் இந்த ஜெலட்டினே. விண்மீனின் ஒளியும் தெருவில் கிடந்த எலும்பும் ஒரே கண்ணாடியில் கூடின என்றால், உயர்ந்தது யாது, தாழ்ந்தது யாது?

இவ்விடத்தில் மூன்று மறுப்புகள் எழும். அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதல் மறுப்பு: "இவ்வுயிர் எமக்கெனக் கொல்லப்பட்டதை யாம் காணவில்லை, கேட்கவில்லை, ஐயுறவும் இல்லை. அவ்வாறு வந்த ஊனைத் துறவியர் ஏற்கலாம் என்று விநயமே இசைந்திருக்கின்றதே!" இது வலிய மறுப்பே. ஆனால் அவ்விதி எவருக்கு உரியது? வாயில்தோறும் நின்று, இட்டதை ஏற்கும் ஓட்டுக்காரருக்கு உரியது. வேண்டியதைத் தேர்ந்து, விலை கொடுத்து வாங்குபவன் அவ்விதியின் நிழலில் ஒதுங்கலாகாது. காணாமை வேறு, காண மறுத்தல் வேறு.

இரண்டாம் மறுப்பு: "ஒரு தாளில் உள்ள ஜெலட்டின் எத்துணை? அதற்காக எந்த மாடும் கொல்லப்படுவதில்லை. எஞ்சிய எலும்புதானே?" உண்மை. ஆதலின் படம் எடுத்தவள் கொலை செய்தாள் என்று எவரும் சொல்லவில்லை. முதியவரும் சொல்லவில்லை. அவர் கேட்டது வேறு. "தீங்கு சிறிது" என்று சொல்வது நேர்மை. "தீங்கே இல்லை" என்று சொல்வது பொய். சிறிதை இல்லையென்று சொல்லும்போது மறைவது எலும்பு மட்டுமன்று. எலும்பைச் சுமந்த மனிதனும் மறைகின்றான். யாம் வேலை செய்த ஆலையில் துணிக்குத் 'தூய பருத்தி' என்று முத்திரை இட்டார்கள். சாயநீர் எவ்வாய்க்காலில் ஓடிற்று என்பதும், அவ்வாய்க்கால் ஓரம் குடியிருந்தவர் யார் என்பதும் அம்முத்திரையில் இல்லை. முத்திரை பொய் சொல்லவில்லை, துணி பருத்தியே. சொல்லாமல் விட்டதுதான் குற்றம்.

மூன்றாம் மறுப்பு: "அப்படியாயின் எலும்பும் வெள்ளியும் இல்லாத படமே இல்லையா?" உண்டு, அன்பர்களே! அதனையும் அப்பெண் எமக்குக் காட்டினாள். கீரையையோ பூவையோ பீட்ரூட்டையோ அரைத்துச் சாறு பிழிந்து, சாதாரணத் தாளில் பூசி, அதன்மேல் ஓர் இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்தாள். ஒளி பட்ட இடம் நாளாக நாளாக வெளுத்தது. இலை மறைத்த இடம் நிறத்தோடு நின்றது. 1842இல் ஜான் ஹெர்ஷல் என்னும் வானியலார் பூச்சாறுகளைக் கொண்டு இதனைச் செய்து எழுதினார். 1845இல் மேரி சோமர்வில் என்னும் அறிவுடைப் பெண்மணி தம் சோதனைகளை ரோமாபுரியிலிருந்து அவருக்கு எழுதியனுப்பினார். இதில் வெள்ளி இல்லை, எலும்பு இல்லை. ஆனால் ஒன்று: இப்படத்தை நிலைநிறுத்த இயலாது. எவ்வொளி அதனை உண்டாக்கிற்றோ அவ்வொளியே அதனை அழித்துவிடும். இருட்டில் வைத்தால் இருக்கும். பார்க்க எடுக்குந்தோறும் சிறிது சிறிதாகப் போய்க்கொண்டே இருக்கும்.

இங்கேதான் எமக்குத் தெளிவு பிறந்தது. தீங்கற்ற படம் உண்டு; அது நிலைப்பதில்லை. படம் நிலைக்க வேண்டும் என்று நாம் விரும்பும்போது வெள்ளி வருகின்றது. வெள்ளியைப் பிடித்து வைக்க எலும்பு வருகின்றது. ஒளிபடாத வெள்ளியைக் கழுவ ஹைப்போ உப்பு வருகின்றது. கழுவிய நீரை எங்கே ஊற்றுவது என்னும் வினாவும் உடன் வருகின்றது. காபித் தூள் இவற்றுள் ஒரு படியை மட்டுமே மாற்றியது. கடன் முழுவதும் நிலைக்கவேண்டும் என்னும் விருப்பத்தோடு வந்த கடன்.

ஆயின் விருப்பமே கூடாது என்று சொல்லிவிடலாமா? அவ்வாறு சொல்வதும் எளிய வழியே. அம்முதியவரின் மனைவி இறந்து ஆண்டுகள் பல ஆயின. அவ்வம்மையாரின் படம் ஒன்றே அவ்வீட்டுச் சுவரில் இருக்கின்றது. அதுவும் வெள்ளியும் வச்சிரமும் கூடிய படமே. "இதைக் கழற்றி எறிந்துவிடலாமா, தம்பி?" என்று மறுநாள் அவரே எம்மைக் கேட்டார். "கூடாது, ஐயா" என்றோம். "கூடாதுதான். ஆனால் இது சும்மா வந்தது என்று நான் நினைப்பதில்லை" என்றார். அவர் சொன்ன அறம் அவ்வளவே.

அன்று அவர் எம்மை அருகிலுள்ள ஒரு பழைய கட்டடத்திற்கு நடத்திச் சென்றார். அங்கேதான் 1897 ஆகஸ்டு 20 அன்று ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், கொசுவின் வயிற்றில் மலேரியா நுண்ணுயிரைக் கண்டார். 1902இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அக்கொசுக்கள் எவர் குருதியைக் குடித்தன? உசேன் கான் என்னும் நோயாளியின் குருதியை. கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓர் அணா அவருக்குக் கூலி. ராஸின் புகழைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. அவரால் உலகம் பெற்ற நன்மை பெரிது. ஆனால் அந்நன்மையைச் சொல்லும் வாய், அணாவுக்குக் கை நீட்டிப் படுத்திருந்தவரையும் சொல்ல வேண்டாவா?

அப்பெண் எடுத்த தெருப்படத்தை மீண்டும் எடுத்து நோக்கினோம். நடுப்பகல் பேகம்பேட்டுச் சாலை அது. எத்தனை வண்டிகள், எத்தனை மக்கள்! படத்திலோ ஒருவரும் இல்லை. முக்கால் நிமிடத்தில் அசைந்தவர் எவரும் தாளில் பதியவில்லை; மரமும் மதிலும் நிறுத்தி வைத்த தள்ளுவண்டியுமே பதிந்தன. 1838இல் பாரிஸ் நகரத் தெருவை டாகேர் படம் எடுத்தபோதும் இவ்வாறே ஆயிற்று. கூட்டம் மறைந்து, காலணி துலக்கிக்கொள்ள நின்ற ஒருவரும் துலக்கியவரும் மட்டுமே தெரிந்தனராம். படத்தில் இல்லாதவர் இல்லாதவர் ஆகார். வெள்ளியைத் தோண்டியவரும் எலும்பைக் காய்ச்சியவரும் அத்தெருவில் நடந்தவரைப் போன்றோரே. இருந்தார்கள்; பதியவில்லை.

ஆகவே, அன்பர்களே, யாம் அன்று மேடையில் சொன்ன சொல்லை இங்கே திரும்பப் பெறுகின்றோம். 'தூய்மை' என்பது நம் முன்னோரை வாயிலுக்கு வெளியே நிறுத்திய சொல். அதனை நாமே எடுத்து நமக்குச் சூட்டிக்கொள்ளுதல் தகாது. அதற்கு மாறாகக் 'கடன்' என்னும் சொல்லைக் கொள்வோம். உண்ணும்போதும் உடுக்கும்போதும் ஒரு படத்தைச் சுவரில் மாட்டும்போதும் மூன்றைக் கேட்போம்: இதற்கு விலை கொடுத்தவர் யார்? அவ்விலையை நாம் குறைக்க இயலுமா? குறைக்க இயலாததை மறைக்காமல் சொல்கின்றோமா?

அப்பெண் இதனை எம்மினும் விரைவில் கற்றுக்கொண்டாள். முன்னர் ஒரு நாளில் பத்துத் தாள் எடுப்பவள், இப்போது வேண்டுமென்று துணிந்தபின் ஒன்றே எடுக்கின்றாள். கழுவிய ஹைப்போ நீரைக் கால்வாயில் ஊற்றுவதில்லை. ஒரு வாளியில் சேர்த்து, பாத்திரம் துலக்கும் இரும்பு நாரை அதில் இட்டு வைக்கின்றாள். இரும்பு கரைய, வெள்ளி சேறாக அடியில் படிகின்றது. காபியையும் அவள் விட்டுவிடவில்லை. விட வேண்டுவதும் இல்லை. கடுமையான மருந்து ஒன்று குறைவது நன்றே. நன்று என்பதை நன்று என்றே சொல்வோம். முழுமை என்று சொல்ல வேண்டா.

யாம் விடைபெற்ற நாளில் அந்தத் தெருப்படத்தின் படி ஒன்றை எமக்கு அளித்தாள். பின்புறத்தில் அவள் கையெழுத்தில் இவ்வாறு இருந்தது: 'ஒளி, சூரியனுடையது. துவர்ப்பு, காபிச் செடியினுடையது. வெள்ளி, சுரங்கத்தில் இறங்கியவருடையது. பிடிப்பு, மாட்டினுடையதும் எங்கள் தாத்தாவைப் போன்றவருடையதும்.'

எடுத்தவள் தன் பெயரை எழுதவில்லை. ஏன் என்று கேட்டோம். "இடம் இல்லை, தாத்தா" என்றாள்.